ஏறி வரும் வண்டிக்கு

என் சாமிக்கு,

நீ மலை இறங்கிப் போகும் முன் ஆர்டர் செய்து வைத்திருந்த அந்தக் கார் திருடும் வீடியோ கேம் போன வாரம் வந்தது. உனக்கு அனுப்பத்தான் நினைத்தேன், பிரித்துவிட்டேன்.

புதுப் பாகத்திலும் நம் பழைய கடற்கரை நகரம்தான். போன பாகத்தில் நாம் சேர்ந்து கார் திருடிய பெட்ரோல் பங்க்கை மட்டும் காணோம். அடிவாரத்துக் காரவள்ளி வரை டிரிப் அடித்து பஸ்ஸை நிறுத்தியதும் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. மறுபடி கேமில் அந்த நகரத்துக்கே போய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருட்டுக் காரிலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறேன். உன் அம்மா கேட்கிறாள், "ஏனுங்க, போலீசுக்குப் பயந்து ஓடறவன் ஆராச்சும் ஹாரன் அடிப்பானுங்களா?"

நேற்று போலீஸ் துரத்த, அந்த ஊர் மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். முப்பது வருடம் மலையில் பஸ் ஓட்டிய பழக்கம், ஓரம் கட்டி நின்றேன். பிடித்துவிட்டார்கள். அம்மா சிரித்தாள். நீ போன ஆறு மாதத்தில் அவள் சிரித்து நேற்றுதான் பார்த்தேன்.

நீ கிளம்பிய அன்று வாசலில் நான் கோபத்தில் பேசியதைப் பற்றி எழுத நினைத்தேன், எழுத வரவில்லை.

இந்தச் சனிக்கிழமை மலை ஏறி வா. நான் ஓரம் கட்டி நிற்கிறேன்.

உன் அப்பா