பதினேழு மைல்

அப்பா,

பைண்டிங்குக்குப் போயிருந்த அட்லஸ் இன்று பள்ளி நூலகத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. புது அட்டையில் பசை வாடை இன்னும் போகவில்லை. நூலகத்துச் சிஸ்டர் அதைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது உன் வேலைதானே?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மத்தியதரைக் கடல். இத்தாலிக்குக் கீழே, இரண்டு பக்கங்கள் சேரும் மடிப்பில், ஒரு நீல நூல் கிடந்தது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நான் கத்தரித்துப் போனது. நாலு விரல் நீளம். அதன் ஒரு நுனியில் மையால் இரண்டு புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி படுக்கும் இடம்தான் இருக்கும். அந்த இடம்தான் மால்டா.

பைண்டர் அதை எடுத்து எறியாமல் விட்டிருக்கிறார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கடைசியாக லீவில் வந்தது நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, கிறிஸ்துமஸுக்கு. அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் டைபாய்டு வந்து பிழைத்திருந்தேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அந்தத் துணியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான்தான் முதலில் கேட்டேன்: "அப்பா, இந்தத் தடவை எந்த ஊரெல்லாம் போனீங்க?"

அந்த லீவு முழுக்க மால்டாதான். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் உங்கள் கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனதும், அடியில் பழுதாகி மால்டாத் தீவில் பழுது பார்க்கும் டாக்கில் ஏறி நின்றதும், நீங்களும் அதே கப்பலில் இருந்த லாசர் மாமாவும் ஒரு நாள் கார் பிடித்துத் தீவைச் சுற்றிப் பார்த்ததும் எனக்கு மனப்பாடம். நம் வீட்டில் கல்யாணத்துக்கு அல்லாமல் யாரும் கார் பிடித்ததில்லை. நீங்கள் டிரைவரோடு கார் பிடித்து ஊர் சுற்றினீர்கள் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

டிரைவர் பேர் கர்மேனு. பழைய கறுப்புக் கார். கண்ணாடிக்கு மேலே மாதா படம். கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாராம். "தெருவுக்கு ஒரு கோயில். அதனால பாதி நேரம் காரு தானாத்தான் ஓடிச்சு" என்பீர்கள். அங்கே வீட்டுச் சுவரெல்லாம் பனங்கற்கண்டு நிறம். படகுகளின் மூக்கில் கண் வரைந்திருக்கும். கோயில் கோபுரத்தில் இரண்டு கடிகாரம். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது பொய் நேரம், பூசை எத்தனை மணிக்கு என்று சாத்தானுக்குத் தெரியாமல் இருக்க. அவர்கள் பாஷையில் கடவுளுக்குப் பேர் அல்லா. "மாதா படத்தை மாட்டிவச்சுக்கிட்டு அல்லாங்கான். காயல்பட்டணத்து பாய்மாருட்ட போய்ச் சொன்னா எவனும் நம்பமாட்டான்."

ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் முடிப்பீர்கள்: "காலைல ஏறினோம். பொழுது சாயுத வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்தோம். தீவு முடிஞ்சாத்தான?"

நான் அதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். ஜனவரியில் பள்ளியில் 'நான் காண விரும்பும் நாடு' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் காஷ்மீரும் லண்டனும் எழுதும்போது நான் மட்டும் மால்டா எழுதப்போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. நீள அகலம் சரியாக இருக்கவேண்டும் என்றுதான் நூலை எடுத்துக்கொண்டு அட்லஸிடம் போனேன். உங்களைச் சோதிக்க அல்ல, அப்பா. இதை நீங்கள் நம்பவேண்டும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சூசை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் எடை போடுகிறவர், ஒரு நாளும் கப்பல் ஏறாதவர். நீங்கள் அவருக்குக் கர்மேனுவின் கதையைச் சொல்லி, "தீவு முடிஞ்சாத்தான" என்று வந்தீர்கள். நான் நடுவே புகுந்தேன்.

"அப்பா, அது பொய். மால்டா பதினேழு மைல்தான். நான் நூல் வச்சு அளந்துட்டேன். இங்கருந்து ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் போற தூரம்கூட இல்ல."

தப்பு என்று சொல்லியிருக்கலாம். பொய் என்ற சொல் ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சூசை மாமா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பதினேழு மைலுக்குக் காலைலருந்து சாயங்காலமா? காரு பிடிச்சீங்களா, கட்டவண்டி பிடிச்சீங்களா அத்தான்?"

"ஏல, சும்மா இரி" என்றாள் அம்மா.

"ஏளா, ஒங்கப்பாவ நல்லா மாட்டிவிட்டுட்ட" என்று மாமா என் முதுகில் தட்டினார். எனக்கு அது பரிசு மாதிரி இருந்தது.

நீங்களும் சிரித்தீர்கள். "ஆமா, சின்னத் தீவுதான். நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்" என்றீர்கள். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையோ தேடுவதுபோல உள்ளே போனீர்கள்.

அன்றோடு கதை நின்றது. நான் கேட்டால், "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, புஸ்தகத்துல இருக்கும்" என்பீர்கள். கோபமே இருக்காது அந்தக் குரலில். கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. 'பதினேழு மைல் நீளமும் ஒன்பது மைல் அகலமும் கொண்ட மிகச் சிறிய தீவு' என்று அது தொடங்கும். நீங்கள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்க" என்றீர்கள். பிப்ரவரியில் கப்பலுக்குப் போனீர்கள். அடுத்த லீவில் வரும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருந்தது.

ஐப்பசி மழையில் தந்தி வந்தது. நெஞ்சு வலி என்றும், ஏதோ ஒரு ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும். அந்த ஊரும் அட்லஸில் இருக்கிறது. நான் அதை மட்டும் அளக்கவில்லை. நீங்கள் போய் நாலு நாளுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்த நாலு நாளும் நான் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கில் எண்பத்தெட்டு மார்க் என்றும், முடி தோள்வரை வளர்ந்துவிட்டது என்றும்.

உங்கள் பெட்டியைக் கொண்டுவந்தது லாசர் மாமா. டிசம்பரில் ஒரு மத்தியானம். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். பெட்டியை அம்மா திறந்தாள். மேல்சட்டைக்கு அடியில் என் கட்டுரை இருந்தது. நான் உங்களிடம் கொடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழியும் அளவுக்குப் படித்திருந்தீர்கள்.

"மெஸ்ஸுல எல்லாவனுக்கும் வாசிச்சுக் காட்டுவான்" என்றார் லாசர் மாமா. "எம்பிள்ள எழுதுனதுடேம்பான். பதினேழு மைலும்பான். நான் சிரிப்பேன். அந்தப் பதினேழு மைல்ல அன்னைக்கு நாங்க பட்ட பாடு எனக்குல்லா தெரியும்."

"என்ன பாடு மாமா?" என்று கேட்டேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். "பிள்ளைட்ட சொல்லலியா அவன்?"

"எங்கிட்டயும் சொல்லல அண்ணே. ஊர் பாத்தோம்னுதான் சொன்னாக."

"ஊரு பாத்தான்." அவர் தொப்பியைப் பெட்டிமேல் வைத்தார். "நீ எழுதுன காயிதம் முந்தின நாளு சாயங்காலம்தான் கைக்கு வந்துது தங்கச்சி. பிள்ளைக்கு நினைவில்ல, கண்ணத் தெறக்கலன்னு எழுதியிருந்தல்லா. எழுதிப் பதினஞ்சு நாளு ஆச்சு. இப்ப பிள்ள எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ராத்திரி சாப்பிடல. விடிஞ்சா ஆகஸ்ட் அஞ்சு, நம்ம மாதா திருநாளு. 'லாசர், இது முழுக்க நம்ம வேதக்காரன் ஊரு. தஸ்நேவிஸ் மாதாவுக்கு எங்கனயாவது கோயில் இருக்கும். ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வந்துருவோம், காரு பிடி'ன்னான். பத்து நிமிஷ வேலைன்னு நானும் ஏறுனேன்."

கர்மேனுவுக்குத் தஸ்நேவிஸ் என்பது என்னவென்று புரியவில்லையாம். ஏதோ ஆள் பெயர் என்று நினைத்துவிட்டார்.

"ஒரு ரொட்டிக் கடையில நிறுத்தி, தஸ்நேவிஸ் வீடு எதுன்னு விசாரிக்கான். கடைக்காரன் வேற ஊரக் கைகாட்டுதான். அங்கன போனா ஒரு பல் டாக்டரு வாரான். அவன் பேரு நேவிஸோ நாவிஸோ. ஒங்கப்பாவ நாற்காலியில உக்காத்தி வச்சு, வாயத் தொறங்கான்."

அம்மா சிரித்துவிட்டாள். தந்தி வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் கோயில் கோயிலா ஏறி இறங்குனோம். இது கார்மேல் மாதாங்கான், அது வியாகுல மாதாங்கான், செபமாலை மாதாங்கான். போன ரோட்டுலயே திரும்பி வாரோம், திரும்பியும் போறோம். எல்லாம் ஒரே மாதாதானடே, இங்கனயே ஏத்தேன்னு நானும் சொன்னேன். 'என் பிள்ள கிடக்குதது தஸ்நேவிஸ் மாதா காலடியிலடே. வேற வாசல்ல போய் எப்படிக் கேக்க'ன்னான். ரெண்டு கடியாரம் உள்ள கோபுரத்துக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னான். பொய்க் கடியாரம் எதுக்குன்னு கர்மேனு சொன்னதும், 'நல்ல ஏற்பாடுதான்டே'ன்னான்."

மத்தியானம் ஒரு கோயிலில் இருந்த வயதான சாமியார்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாராம். நேவிஸ் என்றால் பனி, போர்த்துக்கீசியர் சொல்.

"பனிமய மாதான்னும் சொல்லுதோம், தஸ்நேவிஸ் மாதான்னும் சொல்லுதோம். ரெண்டும் ஒரே பேருன்னு ஒரு நாளும் தோணல பாத்துக்க. நமக்கெல்லாம் பெர்னாந்து, மச்சாதுன்னு வீட்டுப் பேரு இருக்கில்லா, அந்த மாதிரி மாதாவுக்குத் தஸ்நேவிஸ்ங்கது வீட்டுப் பேருன்னு நெனச்சிருந்தோம். கர்மேனு தலையில கைய வச்சுட்டான். 'இந்தத் தீவுல பனியே பெய்யாதே, பனி மாதாவுக்கு எங்க போவேன்'ங்கான். 'எங்க ஊர்லயும் பெய்யாதுடே'ன்னான் ஒங்கப்பா."

அதன்பிறகு கர்மேனு ஒன்றும் கேட்காமல் காரைத் தன் சொந்த ஊருக்கு விட்டாராம். கடற்கரையில் குகைபோலக் கட்டிய சின்னக் கெபி, அதில் ஒரு மாதா சுரூபம். கர்மேனு தன் அண்ணன் படகிலிருந்து, மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, மாதாவின் காலடியில் வைத்து, "இந்தா, உன் பனி மாதா" என்றாராம்.

"நான் சிரிக்கப்போனேன்" என்றார் லாசர் மாமா. "ஒங்கப்பா சிரிக்கல. திரிய ஏத்திட்டு முழந்தாள்ல நின்னான். ஐஸ் கரைஞ்சு காலுசட்டையெல்லாம் நனையுது. எந்திரிக்கல. கர்மேனும் பக்கத்துல முழந்தாள் போட்டு அல்லா அல்லாங்கான். கட்டி முழுசாக் கரையுத வரைக்கும் அப்படியே இருந்தான். பொழுது சாஞ்சுட்டு. திரும்பி வாரப்ப எங்கிட்ட, 'பிள்ளைட்ட சொல்லாத, பயந்துரும். ஊர் பாக்கப் போனோம்னே சொல்லு'ன்னான்."

அம்மா பெட்டிக்குள் கையை விட்டபடியே இருந்தாள்.

நான் எந்த நாளில் கண் விழித்தேன் என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். ஜூலை கடைசியிலேயே என்றாள். கோயிலில் கொடியேறி நாலாம் நாள். அப்படியென்றால், நீங்கள் அந்த ஐஸ்கட்டிக்கு முன்னால் முழந்தாளில் நின்ற நேரத்தில் நான் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, யாராவது புத்தகம் தரமாட்டார்களா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. பொய்க் கடிகாரம் அன்று உங்களுக்குத்தான் ஓடியிருக்கிறது. பிறகு அந்த நாலு நாள் எனக்கு ஓடியது.

லாசர் மாமாவிடம் போன வழியையெல்லாம் கேட்டு அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டேன். டாக்கிலிருந்து ரொட்டிக் கடை. அங்கிருந்து பல் டாக்டர். திரும்பி வந்து கார்மேல் மாதா. மறுபடி வடக்கே, மறுபடி தெற்கே. ஊர்ப் பெயர்கள் அவருக்கு நினைவில்லை. கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சொன்னார். அட்லஸைத் தேடிப்போனால் அது பைண்டிங்குக்குப் போயிருந்தது.

இன்று அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். நீல நூலின் நுனியை டாக்கில் வைத்து விரலால் அழுத்தினேன். காகிதத்தில் அந்தத் தீவு என் நகத்துக்கு அடியில் மறைந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நகத்தை நகர்த்தி, நீங்கள் போன பக்கமெல்லாம் நூலை மடித்து மடித்து வைத்தேன். போன ரோட்டில் திரும்பி வந்த இடத்திலெல்லாம் நூலையும் திருப்பினேன். ஒரு கோயிலையும் விடவில்லை.

"என்னத்த அளந்துக்கிட்டிருக்க?" என்று சிஸ்டர் தூரத்திலிருந்து கேட்டார்.

"ஏற்கெனவே ஒரு தடவை தப்பா அளந்துட்டேன் சிஸ்டர். அதான்" என்றேன்.

சாமியாரின் கோயிலுக்குப் பக்கத்தில், மத்தியானத்தோடு, நூல் தீர்ந்துபோயிற்று. கர்மேனுவின் ஊர் இன்னும் வரவில்லை. நூலைச் சுருட்டி என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு அம்மாவின் பெட்டியிலிருந்து இதோடு முடிச்சுப் போட இன்னும் கொஞ்சம் எடுத்து வரவேண்டும்.

தீவு முடியவில்லை, அப்பா.