பெண், நடுவயது, அடக்க முடியாதது

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

போன் இருக்கும்போது அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். "யாரு? என்னைப் பத்தியா பேசுற?" என்கிறார். காகிதம் என்றால் கேட்பதில்லை. கடைக்குப் பட்டியல் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

உன் நிகழ்ச்சியை வாரம் தவறாமல் பார்க்கிறோம். கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ஒலி என்பதற்குக் கீழே நீ வரும்வரை அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

போன வாரம் அதில் 'மறதி மாமா' என்று ஒருவர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறார். செருப்பை ஃபிரிட்ஜில் வைக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அதில் ஒரு சிரிப்பு என்னுடையது. முதலில் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு டைலர் அக்கா. "என்னம்மா, டிவியிலயும் நீங்கதான் சிரிக்கிறீங்களா?" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் நீ புது மைக்கோடு வந்தாய். அப்பா, தானே ரிப்பேர் செய்த லிஃப்டிலேயே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லச் சொன்னாய். பாதிக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சிரிப்புதானே?

டாக்டர் அப்பாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

அதை எடுத்துவிடு குட்டி. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

*

மார்ச் 9

அம்மா,

ஆமாம். உன்னுடையதுதான்.

எங்கள் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் கிடையாது. நாலு நடிகர்கள், மூன்று சுவர். சிரிப்பைப் பிறகு நான் சேர்க்கிறேன். என் கம்ப்யூட்டரில் நூற்று நாற்பது சிரிப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். உன்னுடையது, 'பெண், நடுவயது, அடக்க முடியாதது'. பதினோரு விநாடி. டைரக்டருக்கு அதுதான் பிடிக்கும். "அந்த அம்மாவைப் போடு" என்பார். யாரென்று அவருக்குத் தெரியாது.

அது நீ இல்லை, அம்மா. ஒரு சத்தம். கதவு சாத்துகிற சத்தம் மாதிரி.

இப்படி எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஏப்ரலில் வருகிறேன். நேரில் பேசலாம். அப்பாவுக்கு என் அன்பு.

குட்டி

*

மார்ச் 17

குட்டிக்கு,

நேரில் பேசும்வரை தாங்காது.

வியாழக்கிழமை. மறதி மாமா தன் வீடு என்று நினைத்து அடுத்தவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு வந்தது. அப்பா டிவியை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னைப் பாத்தா சிரிக்கிற?"

"நான் சிரிக்கலைங்க."

"நாப்பது வருஷமா கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

அது டிவியில் வருவது, நம் பெண் எப்போதோ பதிவு செய்தது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப டிவிக்கே போய் சிரிச்சிட்டு வந்தியா?"

கிழமை மறக்கிறது, சாவி மறக்கிறது. இது மட்டும் மறக்கவில்லை. ஐந்து நாளாக என் கையால் மாத்திரை வாங்குவதில்லை. நான் வைத்தால் தட்டைத் தள்ளுகிறார். டைலர் அக்கா வந்து வைத்தால் இரண்டு வாய். டிவியை அணைத்தால், "எதை மறைக்கிற?" அணைத்தும் பயனில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் அதையே பார்க்கிறார்கள்.

ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறை, வாசல், சமையலறை என்று நடந்துகொண்டிருக்கிறேன். நேற்று மாடிப்படியில் டைலர் அக்கா ஏதோ சொன்னாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

சத்தம் என்றாய். வந்து அவரிடம் சொல்.

அம்மா

*

மார்ச் 22

அம்மா,

எடுத்துவிட்டேன். இந்த வியாழனில் தொடங்கி இனி வரும் எல்லாவற்றிலிருந்தும்.

எடுத்த பிறகு அந்த இடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பதினோரு விநாடி. மாமா அலமாரியைத் திறக்கிறார். மூடுகிறார். அதே அலமாரியைத் திறக்கிறார். வேறொன்றும் இல்லை. டைரக்டர் என் பின்னால் நின்றிருந்தார்.

"என்னம்மா இது, துக்க வீடு மாதிரி இருக்கு? அந்த அம்மா எங்க?"

"ஃபைல் கெட்டுப்போச்சு சார்."

"அதே மாதிரி ஒண்ணு வேணும். சாயங்காலத்துக்குள்ள."

மீதி நூற்று முப்பத்தொன்பதையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே சிரித்தேன். முப்பது தடவை பொய்யாக. பிறகு லிஃப்ட் கதையை எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்துவிட்டது. நிறுத்தத்தான் தெரியவில்லை.

இனி அதில் நீ இல்லை. ஏப்ரல் பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்.

குட்டி

*

ஏப்ரல் 3

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் வியாழக்கிழமை. அப்பாவுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வாய் நிறையத் தண்ணீர். சிரிக்க முடியாது என்று அவரே பார்க்கட்டும்.

சிரிப்பு வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என்னுடையது மாதிரியேதான், முடிகிற இடத்தில் மட்டும் நீ.

அப்பா என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"குட்டி வந்திருக்காளா?"

தண்ணீரை விழுங்கிவிட்டு, இல்லை என்றேன்.

"அவதான். அவளும் சிரிக்கிறா."

அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நீ இல்ல. நான்தான் உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்" என்றார். மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

எட்டு நாளாக நான் வைப்பதைச் சாப்பிடுகிறார். நேற்று மறுபடி வியாழக்கிழமை. "இன்னும் போகலையா அவ?" என்றார். உன் போட்டோவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். துடைக்கும்போது நான் நிமிர்த்துகிறேன். அவர் கவிழ்க்கிறார்.

அவள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எனக்காகச் செய்தாள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால், அப்படியென்றால் சிரித்தது யார் என்று மறுபடி தேடுவார். தேடினால் இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

சொல்லவில்லை.

அவர் உன் கையால் சாப்பிட வேண்டியதில்லை, குட்டி. என் கையால் சாப்பிட வேண்டும்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. எப்போது வரலாம் என்று நான் எழுதுகிறேன். அதுவரை போனும் செய்யாதே. உன் குரல் அவருக்குக் கேட்டுவிடும்.

அம்மா