கடைக்குள் வந்த தண்ணீர்

செவ்வாய், இரவு.

எங்கள் குழுவின் காலநிலைக் கணிப்பை இன்று மட்டாஞ்சேரித் தெருவில் காட்டினோம். போனை உயர்த்திப் பிடித்தால், வருங்காலக் கடல்நீர் எதிரே நிற்பதுபோல் திரையில் தெரியும். சாயாக்கடை செல்வி அக்கா அதில் தன் கடையைப் பார்த்தார். உடனே அரிசிச் சாக்கைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்தார். வேலியேற்றம் என்று இவர்கள் சொல்லும் கடல்பெருக்கில் தண்ணீர் தெருவுக்குள் வரும்போது இங்கே எல்லோரும் செய்வதுதான்.

"இப்ப இல்லக்கா, ரொம்ப வருஷம் ஆகும்," என்றேன்.

"தண்ணியப் பாத்துட்டு சும்மா நிக்க முடியுமா மோளே? உன் வீட்டுல எத முதல்ல தூக்குவ?"

எங்கள் குழு சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அறைக்கு வந்ததும் போனைப் பிடித்துப் பார்த்தேன். கட்டில்வரை தண்ணீர். தூக்கி வைக்க ஒன்றுமில்லை. இந்த ஊருக்கு வந்த அன்று என் சாமான்களோடு அலமாரிமேல் வைத்த பெட்டியை நான் இன்னும் இறக்கவே இல்லை.