வராமல் போன மனைவி

அன்புள்ள உனக்கு,

நான் சௌக்கியம். கட்டிலில் நீ படுக்கும் பக்கம் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது.

நாம் சேர்ந்து பார்த்த அந்தப் படம், என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரனின் மொழிப் படம் ஒன்றிலிருந்து எடுத்ததாம். நேற்று அவன் அறையில் மூலப்படத்தைப் பார்த்தேன். நம் படத்தில், கோபித்துக்கொண்டு போன மனைவியைப் பெரியவர்கள் சமாதானம் பேசி அழைத்து வருவார்கள். மூலப்படத்தில் அவளை அழைக்க யாருமே போகவில்லை. அவளும் வரவில்லை.

"உங்க பக்கம் பெரியவங்க பேச மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க எதுக்கு? புருஷன்தான கூப்பிடணும். அவன் கடைசி வரைக்கும் வாயே திறக்கலையே" என்றான்.

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

உன் சித்தப்பாவை உன்னிடம் பேசச் சொல்லியிருந்தேன். இன்று காலை, வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நானே கேட்கிறேன். வீட்டுக்கு வருகிறாயா?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்