இரண்டு அடுக்கிலும் ஒரே இடத்தில்

இன்று காலை மன்னார்குடி கடைத்தெருவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, முட்டை சேர்த்திருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படித்தேன். ‘சோயா லெசித்தின்’ என்றிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். “என்னம்மா, தேதி முடிஞ்சிருக்கா?” என்றார் கடை பாய்.

நீ கண்மூடிய பிறகு இது இரண்டாவது குறுவை.

உன் அண்ணன் உனக்கு வரன் பேசி, ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்ன சமயம் லீவில் வந்திருந்தாய். நான் சொன்னால் அவர் கேட்பார் என்று உனக்குத் தெரியும். ஆனால் நானும் அவர் பக்கம்தான். கல்யாண வயதில் ஒரு பெண் வெளியூரில் கொழுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று வாய்விட்டே கேட்டேன்.

நீ சண்டை போடவில்லை. பையிலிருந்து சின்ன மைக்ராஸ்கோப் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய்.

“லேப்ல இந்த லெசித்தின் கொழுப்ப முட்டை மஞ்சக்கருவுலேருந்து எடுப்போம் அண்ணி. உங்க அடுப்படிக்கு அது ஆகாதேன்னு சோயா கொண்டாந்தேன்.”

கண்ணாடித் துண்டில் பழுப்பாக ஒரு பொட்டு. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாய். குனிந்து பார்த்தேன். பொட்டின் ஓரத்திலிருந்து குழல் குழலாகப் புறப்பட்டு நெளிந்தது.

“ஐயோ, புழுடீ!”

“உயிரே கிடையாது அண்ணி. வெறும் கொழுப்பும் தண்ணியும். ஒவ்வொரு கொழுப்புத் துணுக்குக்கும் தலை தண்ணியத் தேடும், வாலுக்குத் தண்ணி ஆகாது. அதனால வாலையெல்லாம் உள்ள மறைச்சுக்கிட்டு ரெண்டு அடுக்கா நிக்கும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கற தோலுக்கு இதுதான் அடிப்படை.”

“யாரு அடுக்கறா?”

“தானா அடுக்கிக்கும்.”

“அவன் செயல்னு சொல்லு.”

“யாருன்னு நீங்க சொல்லுங்க. எப்படின்னு நான் பாக்கறேன். பாக்க விடுவீங்களா?”

அன்று இலை போட்டதும் உன் அண்ணனிடம், “அவ போகட்டுங்க. அங்க அவளுக்கு வேலை கிடக்கு” என்றேன். சில நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ ஆராய்ச்சிக்குத் திரும்பிப் போனாய்.

பிறகு ஞாயிறுதோறும் போன். செல்லின் தோலைப் போல நீங்கள் லேபில் செய்யும் ஈரடுக்குச் சவ்வில் கொழுப்பெல்லாம் பக்கவாட்டில் ஓயாமல் ஓடுமாம். மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தாண்டுவது மட்டும் அபூர்வமாம். சூடு தணிந்தால் ஒரு வகை தனியே கூடித் தீவாகுமாம்.

“மேல ஒரு தீவு கூடுனா, அதுக்கு நேர் கீழ அடுத்த அடுக்குலயும் ஒண்ணு கூடுது அண்ணி. ஒண்ணுக்கு இன்னொண்ணு எப்படித் தெரியுதுன்னு இன்னும் சரியாப் பிடிபடல.”

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இதே பேச்சுதான். உன் நெற்றியில் திருநீறு இட்டபோது, “இட்டு விடுங்க, ஆனா நான் சொல்றதக் காதுல வாங்குங்க” என்றாய். வாங்கிக்கொண்டேன்.

பத்தாவதோடு நின்ற என் இங்கிலீஷுக்குப் பக்கத்தில் அகராதி வேண்டும். இருந்தாலும் சாயங்காலம் விளக்கேற்றிப் பதிகம் சொல்லி முடித்ததும், அந்தத் தீவுக் கேள்வியைப் போனில் தேடிப் படிக்கிறேன். ஆளுக்கொரு காரணம் எழுதுகிறார்கள். ஒருவர் சொல்வதை அடுத்தவர் ஒப்புக்கொள்வதில்லை.

நேற்று படித்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“இன்னும் இல்லீங்க” என்றேன்.