எஸ் என்றால் சும்மா

பாப்பாவின் ஸ்வெட்டரை எடுக்கப் பரணில் கையை விட்டேன். தாம்பரத்தில் ஸ்வெட்டரா என்று கேட்காதே. நம் டைப்ரைட்டிங் புத்தகம் தலையில் விழுந்தது. அந்தப் பழைய தாள் வாடை! முதலில் உன் நினைவு வரவில்லை. பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்ளுமோ என்ற பயம்தான் வந்தது. "பயப்படறதுக்குன்னே பெத்துக்கிட்டியாடி?" என்றிருப்பாய்.

அப்போது என் வீட்டில் பியானோ இருந்தது, வாசிக்கப் பாட்டுப் புத்தகமில்லை. போனைப் பார்த்து வாசியேன் என்றார்கள். "பேப்பர்ல இருந்தா பாட்டு, போன்ல இருந்தா ஃபார்வர்டு" என்றாய் நீ. அதற்காகவே சனிக்கிழமைதோறும் குரோம்பேட்டை வரை ஒரு பழைய புத்தகக் கடையையும் நாம் விடவில்லை. "பியானோ நோட்ஸ் இருக்காண்ணா?" என்றால், "டென்த்தா, பிளஸ் டூவா?" என்பார்கள்.

ஒருவர் மட்டும் நம்பிக்கையோடு உள்ளே போனார்.

"கீபோர்டு புக்குதானம்மா? கீது, கீது."

தூசி தட்டி நீட்டியது டைப்ரைட்டிங் பயிற்சிப் புத்தகம்.

"அண்ணா, இது தட்டறது. நாங்க கேக்கறது வாசிக்கறது."

"அதையும் தட்டத்தானம்மா போறீங்கோ?"

அந்தப் பதிலுக்காகவே வாங்கிவிட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் அதன் முதல் பாடத்தையே வாசிக்கச் சொன்னாய். ஏ, எஸ், டி, எஃப். பியானோவிலோ ஏ முதல் ஜி வரை ஏழே எழுத்து. "எஸ்னு ஒரு ஸ்வரமே இல்லையேடி!" என்றேன்.

"எஸ்னா சும்மா. கைய எடுத்துட்டு மூச்சு விடு."

பென்சிலால் எல்லா எஸ்ஸுக்கும் வட்டம் போட்டாய். வலது கைக்கு வந்த எழுத்துகளில் ஒன்றுகூட ஸ்வரமில்லை. அந்தக் கை காபி தம்ளரைப் பிடித்துக்கொண்டது. கீழ் வீட்டு மாமி ஏறி வந்து, "பியானோ ரிப்பேரா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். சளி போகட்டும், மழை விடட்டும் என்று உன்னைப் பார்க்க வருவதைத் தள்ளிப்போட்டேன். ஆட்டோவில் அரை மணி நேரம்கூட இல்லை. போனில் அழுதேன். "அதுக்கு ஒரு எஸ் போட்டுட்டு விடுடி" என்றாய், மூச்சு வாங்கிக்கொண்டே. நான் வந்தபோது நீ இல்லை. அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. இந்தக் கடிதமும் தாமதம்தான்.

இன்று மத்தியானம் பாப்பா ஒரே அழுகை. பியானோ முன் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்து, ஒற்றைக் கையால் ஆரம்பித்தேன். ஏ. இன்னும் வீறிட்டாள். உன் வட்டம் வந்ததும் கையை எடுத்தேன். அழுகையை நிறுத்தி, அடுத்தது என்ன என்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள். டி, எஃப். மறுபடி ஏ, மறுபடி வட்டம். பக்கம் முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

வழக்கம்போல, மூச்சு வருகிறதா என்று பார்க்க அவள் மூக்கருகே விரலைக் கொண்டுபோனேன். பாதியில் கையை எடுத்துவிட்டு, நான் மூச்சு விட்டேன்.