மூடி திறந்த இத்தாலிக் கார்

1962 ஆகஸ்ட் 14, செவ்வாய்.

இன்று அட்டன் பஸ் ஸ்டாண்டில் மாரிமுத்துவின் பல்லை உடைத்துவிட்டேன். அவன் தலவாக்கலை லொறி டிரைவர். என் அக்காள் மகள் செல்விக்கு மாமனார் ஆகப்போகிறவன். வெள்ளிக்கிழமை கல்யாணம்.

குற்றம் அவனுடையதுதான். நான் டிரைவராக இருக்கும் தேயிலைத் தோட்டத்துத் துரையின் இத்தாலிக் கார் சின்னதுதான், ஆனால் பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த ஸ்பெஷல். எஞ்சின் பின்பக்கம். சூடு தாங்காது என்று பின்மூடியைத் திறந்தபடியே கம்பி கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இலங்கையிலேயே அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"என்னங்க சம்பந்தி, மூடி கழண்ட வண்டிய ஸ்பெஷல்னு சொல்லி ஊரை ஏமாத்துறீங்களா?" என்றான். மூடியை அறைந்து சாத்தி, அதன் மேலேயே உட்கார்ந்தான். கம்பி வளைந்தது. கையிலிருந்த வீல் ஸ்பானரால் ஒரே வீச்சு வீசினேன். யானையே விழுந்திருக்கும். பல் கார்க்கதவில் பட்டுத் தெறித்தது. வாயெல்லாம் ரத்தம். விழுந்தவனை மிதிக்கப் போன என்னைப் பத்துப் பேர் பிடித்து இழுத்தார்கள். இருபது என்றும் சொல்லலாம்.

சாயங்காலம் செல்வி தோட்டத்து லயத்தில் என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"மாமா, நீங்க போயி கால்ல விழலேன்னா கல்யாணம் இல்லேன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி அனுப்பிட்டாங்க."

"நானா? அவன் கால்லயா?"

"எனக்காக, மாமா."

விடிந்ததும் போகிறேன். விழுகிறேன். ஆனால் அவன் எழுந்திருக்கச் சொன்னாலும், அந்த மூடி ஏன் திறந்திருக்க வேண்டும் என்று முழுதாக விளக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.